உவர் நிலத்தில் உறங்கும் புல்

இருபது ஆண்டுகளாக மதரஸாப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தை நடத்தி வருகிறேன். வறண்டு மடிந்து கிடக்கும் பூமியின்மீது இறைவன் மழையை இறக்கி அதனை உயிர்ப்பிக்கின்றான். அவ்வாறே மறுமையில் மனிதரையும் எழுப்புவான் என்பதைத் திருமறை பல இடங்களில் எடுத்துரைக்கிறது. பொருள் சொல்லிக் கொடுப்பேன், பிள்ளைகள் மனனம் செய்வார்கள், பாடம் முடிந்துவிடும். ஆனால் இறந்த பூமி எப்படியிருக்கும், அது எழும்போது எப்படியிருக்கும் என்பதை நான் கருத்தூன்றிக் கண்டவனல்லன்.

எங்கள் இராமநாதபுரச் சீமையும் வறண்ட பூமிதானே என்று வாசக நேயர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் அங்கே சித்திரை வெயிலிலும் சீமைக் கருவேலம் பச்சையாகவே நின்றுகொண்டிருக்கும். ஆதலால் நிலம் சாவதும் தெரியாது, பிழைப்பதும் தெரியாது. 2024 ஆம் ஆண்டில், ஐந்து மாத இடைவெளியில், ஒரே நிலத்தை இருமுறை காணும் வாய்ப்பை வல்ல நாயன் எனக்குத் தந்தான். அந்நிலம் குஜராத் மாநிலத்தின் வடமேற்குக் கோடியில், கட்ச் மாவட்டத்தில் இருக்கிறது.

மேய்ப்பர்களின் நாடு

பூஜ் நகரில் வாணிபம் செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், மதரஸா திறக்க இன்னும் சில நாள்கள் இருந்தமையால் புறப்பட்டேன். சென்னையிலிருந்து அகமதாபாத், அங்கிருந்து பூஜ் என இரண்டு ரயில்கள். பூஜில் ஒருநாள் தங்கி, மறுநாள் அவருடைய வாகனத்தில் வடக்கு நோக்கிச் சென்றோம். ருத்ரமாதா அணையைத் தாண்டியதும் மேடு பள்ளங்கள் குறைந்தன. வழியில், கடகரேகை இவ்விடத்தில் கடந்து செல்கிறது என்று அறிவிக்கும் பலகையொன்று நின்றது. அதன்பின் நிலம் ஒரே சமதளம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு குன்றில்லை. கையில் எடுக்க ஒரு கல்கூட இல்லை.

இந்தச் சமவெளியின் பெயரை அவ்வூரார் ஒலிக்கிறபடியே எழுதினால், நம் பேச்சுத் தமிழில் வேறோர் உயிரினம் நினைவுக்கு வரும். ஆகவே 'பந்நி' என்று எழுதுகிறேன், வாசகர்கள் பொறுத்துக்கொள்க. 'உண்டாக்கப்பட்டது' என்னும் பொருளில் அப்பெயர் வந்தது என்கிறார்கள். ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உண்டான நிலம் அது. வடக்கே ரண் எனப்படும் பரந்த உப்புவெளி. 1819 ஆம் ஆண்டு ஜூன் மாதம் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் அந்த ரண் பகுதியில் பல மைல் நீளத்துக்குத் தரை உயர்ந்து கரைபோல் நின்றுவிட்டது. மனிதர் கட்டாத அந்தக் கரைக்கு மக்கள் 'அல்லாஹ் பந்த்', அதாவது அல்லாஹ்வின் அணை, என்று பெயரிட்டார்கள். இன்றும் அதுவே பெயர்.

பந்நி 2,500 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது. ஆசியாவின் பெரிய புல்வெளிகளுள் ஒன்றாக அதனைக் கூறுவர். ஆண்டில் சராசரியாக 300 மில்லிமீட்டர் அளவே மழை; எங்கள் மாவட்டத்தில் பெய்வதில் பாதிகூட இல்லை. அதுவும் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, எண்ணிச் சொல்லத்தக்க சில நாள்களில் பெய்து முடிந்துவிடும். ஓராண்டு கொட்டும்; மறு ஆண்டு ஏமாற்றும். இத்தகைய நிலத்தில் முத்வா, ஜத், ஹாலேபோத்ரா, நோடே, ராயசிபோத்ரா முதலிய முஸ்லிம் குலத்தார் பல நூற்றாண்டுகளாகக் கால்நடை வளர்த்து வாழ்கின்றனர். மேக்வால் என்னும் இந்துக் குடும்பங்களும் அவர்களோடு கலந்து வாழ்கின்றன. இவர்கள் அனைவருக்கும் பொதுப்பெயர் 'மால்தாரி'. 'மால்' என்பது கால்நடைச் செல்வம். மாட்டைச் செல்வம் என்பதில் நம் தமிழும் அவர்கள் மொழியும் ஒன்றுபடுவது கண்டு மகிழ்ந்தேன்.

சித்திரையில் கண்டது

நாங்கள் தங்கியது ஒரு முத்வாப் பெரியவரின் வீட்டில். 'பூங்கா' எனப்படும் வட்டவடிவ மண்வீடு. கூம்பு வடிவில் வேய்ந்த புற்கூரை. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் கற்கட்டடங்கள் பல சரிந்தபோதும் இவ்வகை வட்ட வீடுகள் பெரும்பாலும் தாங்கி நின்றன. உட்சுவரில் சேற்றுப் பூச்சில் பதித்த சிறு கண்ணாடிகள் விளக்கொளியில் மின்னின. வீட்டுப் பெண்மக்கள் துணியில் செய்யும் நுண்ணிய கண்ணாடித் தையல் வேலை நாடறிந்தது. கம்பு ரொட்டியும் வெண்ணெயும் மோரும் தந்து உபசரித்தார்கள். மதரஸாவில் கற்ற உருது எனக்குக் கை கொடுத்தது. பெரியவரை நான் 'சாச்சா' என்றேன். அவர் என்னை 'மௌலவி சாஹிப்' என்றார்.

அஸர் தொழுகைக்குப்பின் அவருடன் நடந்தேன். நான் கண்டது இதுதான்: வெடித்த தரை, சில இடங்களில் வெண்ணீறு தூவியதுபோல் உப்பு, ஆங்காங்கே சாம்பல் நிறத்தில் மொட்டையாக நின்ற புல் அடித்தூர்கள். காற்றடித்தபோது அவற்றில் ஓசைகூட எழவில்லை. மாடுகளுக்குப் பருத்திக்கொட்டையும் விலைக்கு வாங்கிய வைக்கோலும் போட்டுக் காப்பாற்றுகிறார்கள்.

"எல்லாம் செத்துவிட்டதே, சாச்சா" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. இடுப்பிலிருந்த சிறு கத்தியை எடுத்து ஒரு தூரின் அடியை ஒதுக்கிப் பிளந்து காட்டினார். வெளியே நொறுங்கும் சருகு. உள்ளே, மண்ணோடு ஒட்டிய இடத்தில், அரிசி முனை அளவில் வெளுத்த ஒரு குருத்து!

"மய்யித்துக்கும் உறங்குகிறவனுக்கும் வேறுபாடு உண்டல்லவா, மௌலவி சாஹிப்? இது உறங்குகிறது" என்றார்.

புல்லின் இரகசியம் அங்கேதான் இருக்கிறது. மரமும் செடியும் நுனியில் வளர்பவை. நுனியைக் கடித்துவிட்டால் வளர்ச்சி தடைப்படும். புல்லின் வளர்முனையோ தரையை ஒட்டிக் கிடக்கிறது. மேலே மாடு மேய்ந்தாலும், வெயில் தீய்த்தாலும், அடியிலுள்ள குருத்துக்கு ஆபத்தில்லை. முந்திய மழைக்காலத்தில் இலைகள் சமைத்த உணவில் ஒரு பகுதி வேரிலும் அடித்தண்டிலும் சேமிப்பாக இருக்கும். எட்டு மாத வறட்சியை அந்தச் சேமிப்பைக் கொண்டே அது கடக்கிறது. தைப் புல், மாசிப் புல் என்று மேலே நாம் காண்பது வெறும் சருகு. உயிர் கீழே ஒடுங்கிவிடுகிறது.

மற்றொன்றையும் காட்டினார். ஏரி வற்றிய பள்ளத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டி, சுற்றுப்புறம் சரியாமலிருக்க மரக்கழிகளை அடுக்கி, இடையே புல்லைத் திணித்த சிறு கிணறுகள். 'விர்தா' என்று பெயர். அப்பகுதியின் நிலத்தடி நீர் உவர் நீர். ஆனால் மழை நீர் மண்ணில் இறங்கி, எடை மிகுந்த அந்த உவர் நீரின்மேல் பாலாடைபோல் மிதந்து நிற்கும். விர்தாவில் அந்த மேல்நீரை மட்டும் அளவாக முகந்து கொள்கிறார்கள். பேராசைப்பட்டு இறைத்தால் கீழிருக்கும் உவர் நீர் மேலேறிவிடும். அக்கிணறு அதோடு முடிந்தது. குழாய்நீர் எட்டிய இந்நாளிலும் அந்த அறிவை அவர்கள் கைவிடவில்லை.

புரட்டாசியில் கண்டது

அவ்வாண்டு ஆகஸ்ட் கடைசியில் கட்ச் மாவட்டமெங்கும் பெருமழை கொட்டியது. செய்தித்தாளில் படித்தவுடன் என் மனம் அந்த அரிசி முனைக் குருத்தைத்தான் நினைத்தது. மீலாது விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொண்டு மீண்டும் போனேன். இத்தனை விரைவில் மறுபடியும் ஏன் என்று இல்லத்தார் கேட்டார்கள். ஒரு பாடம் பாதியில் நிற்கிறது என்றேன்.

கடகரேகைப் பலகையைத் தாண்டியதும் வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். இதே இடந்தானா! முழங்கால் உயரத்துக்குப் புல், தொடுவானம்வரை புல். காற்று வீசும்போது பச்சையின்மேல் ஊதா நிறம் அலைபோல் ஓடி மறைந்தது. பள்ளங்களிலெல்லாம் நீர் நின்றது. அதில் கொக்குகளும் நாரைகளும் நின்றன.

சாச்சா என்னை அதே இடத்துக்கு அழைத்துச் சென்றார். ஊதா நிறத்துக்குக் காரணமான புல்லைக் காட்டினார். 'ஜிஞ்ச்வோ' என்று பெயர். விரல்கள்போல் பிரிந்த கதிர். கணுதோறும் வெண்மயிர் வளையம். எருமைக்கு அதுவே விருந்து. பக்கத்தில் பூனைவால்போல் பஞ்சு பஞ்சான கதிருடன் நின்ற மற்றொன்றை 'தாமண்' என்றார். அதனைப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். என் நன்னி வெள்ளாடு வளர்த்தவர். நான் சிறுவனாயிருந்தபோது மந்தைவெளியில் காட்டி, இது கொழுக்கட்டைப்புல் என்று சொல்லித் தந்த அதே புல்! கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகளின் கொறங்காடுகளிலும் சிறந்து விளங்குவது அதுவே. எங்கள் ஊரில் அதனைக் கண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

மழைக்குப்பின் நடப்பதைப் பெரியவர் ஒழுங்காக விவரித்தார். முதல் நல்ல மழை விழுந்த சில நாள்களில் விதையிலிருந்து முளைப்பவை தலைகாட்டும். அவை ஓராண்டுப் புற்கள். விரைந்து வளர்ந்து, பூத்து, விதைத்து, மடிந்துபோகும். எல்லா விதையும் ஒரே மழையை நம்பி முளைத்துவிடுவதில்லை. சில மண்ணிலேயே காத்துக் கிடக்கும். முதல் மழை ஏமாற்றினால் முளைத்தவை கருகும், காத்தவை பிழைக்கும். அதே வேளையில் பழைய தூர்களின் குருத்துகள் வேரிலுள்ள சேமிப்பைச் செலவழித்து இலை விடும். அந்த முதல் இரண்டு மூன்று வாரங்கள்தாம் புல்லுக்குச் சோதனையான காலம். சேமிப்பு தீர்ந்திருக்கும்; புதிய வரவு இன்னும் சேர்ந்திராது. அப்போது மந்தை புகுந்து ஒட்ட மேய்ந்துவிட்டால் தூர் இளைத்துவிடும். ஆண்டுதோறும் அப்படியே நேர்ந்தால் மடிந்தும் போகும். பொறுத்திருந்தால், ஆவணி புரட்டாசியில் கதிர் விட்டு, ஐப்பசியில் விதை உதிர்த்து, கார்த்திகையில் நின்றபடியே காய்ந்து பொன்னிறமாகும். சத்து குறைந்தாலும் அந்த உலர்புல்லே மாசிவரை தீவனம்.

உப்புக்கும் ஒரு பருவம் உண்டு. மழை பெய்யும்போது உப்பு கரைந்து மண்ணின் கீழே இறங்குகிறது. இனிய புல்லுக்கு இடம் கிடைக்கிறது. வெயில் ஏற ஏற ஈரம் மேல்நோக்கி இழுக்கப்பட்டு, உப்பும் உடன் ஏறி மேற்பரப்பில் பூக்கிறது. ஆகவே சற்று மேடான இடத்தில் ஜிஞ்ச்வோவும் தாமணும். உவர் மிகுந்த தாழ்விடத்தில் உப்பைத் தாங்கும் புல்லும், நம் கடற்கரை உமரி இனத்துச் செடியும். ஒரு சாண் உயர வேறுபாட்டில் குடிமக்கள் மாறிவிடுகிறார்கள்.

மஃரிபுக்குப்பின் ஓர் அற்புதம் கண்டேன். எருமைகள் தாமாகவே எழுந்து, மேய்ப்பன் எவனுமின்றி, இருளில் வரிசையாகப் புல்வெளிக்குள் சென்றன. பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் மேயும் பழக்கமுடையவை அவை. சுப்ஹுத் தொழுது வெளியே வந்தபோது, சுருண்ட இரட்டைக் கொம்புகளோடு, பால் கனத்த மடியோடு, அவை தத்தம் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நின்றன. இவ்வினம் 2010 ஆம் ஆண்டில் நாட்டின் தனி எருமை இனமாக அரசால் ஏற்கப்பட்டது. மால்தாரிகள் தங்களுக்கெனச் சங்கம் அமைத்து முயன்றதன் பயன் அது.

பைத்தியக்கார மரம்

திரும்பும் வழியில் காட்சி மாறியது. சாலையின் இருமருங்கிலும் முள்மரக் காடு. அதன் கீழே ஒரு புல் இல்லை. நான் அருகில் சென்று பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை, பிறந்தது முதல் பழகிய முகம். நம் சீமைக் கருவேலமேதான்! அவர்கள் மொழியில் 'காண்டோ பாவள்', பைத்தியக்காரக் கருவேலம்.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த மரத்தை, ரண்ணின் உப்பு முன்னேறாமல் தடுப்பதற்காக, 1960-61 இல் பந்நியில் ஏறத்தாழ 31,000 ஹெக்டேரில் வனத்துறை பரப்பியது. நோக்கம் நல்லது, விளைவு வேறாயிற்று. மாடுகள் அதன் இனிப்பு நெற்றுகளைத் தின்றன. செரிக்காத விதைகள் சாணத்தோடு போன இடமெல்லாம் முளைத்தன. வடக்கு நோக்கி வரும் ஆறுகளில் கட்டப்பட்ட அணைகளால் நன்னீர் வரத்தும் குறைந்தது. இன்று பந்நியின் பாதியளவைக் கருவேலம் கொண்டுவிட்டது. நெற்றுகளைத் தின்று பசுக்கள் நோயுற்றமையால், காங்க்ரேஜ் பசுக்களை வளர்த்தவர்கள் பலர் எருமைக்கு மாறினார்கள்.

"அப்படியானால் வெட்டி எறியலாமே" என்றேன்.

சாச்சா சிரித்தார். "வெட்டினால் நான்காய்த் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் புல் வருகிறது, நீங்களே பார்த்தீர்கள். ஆனால் மாடில்லாத ஏழைகள் இதைச் சுட்டுக் கரியாக்கித்தான் அடுப்பெரிக்கிறார்கள். புல்லைக் கொன்ற மரமே அவர்களுக்குச் சோறு போடுகிறது. அவர்களிடம் நான் என்ன சொல்வேன்?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "மரத்தைவிட வேலி எனக்கு அச்சம் தருகிறது" என்றார். பந்நியில் இன்னார் நிலம் என்று பிரிவில்லை. 1955 இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்ட பின்னும் மேய்ச்சல் அனைவருக்கும் பொது. அண்மைக் காலத்தில் சிலர் துண்டு துண்டாய் வேலியிட்டு உழத் தொடங்கினர். அவருடைய உறவினரிலும் அப்படிச் செய்தோர் உண்டு. மால்தாரிகளின் சங்கமே பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி 2021 இல் ஆணை வந்தது. "சொந்தக்காரன் மேல் வழக்குப் போட்ட சங்கத்தில் நானும் உறுப்பினன். இரண்டு பெருநாள்களாக அவன் என் வீட்டுக்கு வரவில்லை" என்றபோது அவர் கண் கலங்கியது.

எனக்கு உமர் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. கலீஃபாவாக இருந்தபோது பொது மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனைய் என்பவரைப் பொறுப்பாளராக நியமித்து அவர்கள் கூறிய அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவர்களை உள்ளே விடச் சொன்னார்கள். பெருஞ்செல்வர்களின் மந்தைகளைத் தடுக்கச் சொன்னார்கள். செல்வருக்குக் கால்நடை அழிந்தாலும் தோப்பும் விளைநிலமும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட நீரும் புல்லும் கொடுப்பது எளிது என்பது அவ்வுரையின் கருத்து. அதை உருதுவில் சொன்னேன். பெரியவர் நெடுநேரம் பேசாமலிருந்து, "அப்படியானால் எங்கள் வழக்கு பழையதுதான்" என்றார்.

எங்கள் ஊர் நிலம்

ஊர் திரும்பும் ரயிலில் எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் பள்ளிவாசலுக்குப் பன்னிரண்டு ஏக்கர் வக்பு நிலம் உண்டு. ஒரு காலத்தில் நன்னியின் ஆடுகள் மேய்ந்த இடம். இன்று முழுதும் சீமைக் கருவேலம். மூன்றாண்டுக்கு ஒருமுறை கரி மூட்டம் போடுவோருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். அந்தப் பணத்தில்தான் மதரஸா ஆசிரியர்களின் ஊதியத்தில் ஒரு பகுதி வருகிறது. நான் உண்ணும் சோற்றிலும் அந்தக் கரி இருக்கிறது. சாச்சாவின் கேள்வி என்னையும் நோக்கியதென்று அப்போதுதான் உணர்ந்தேன்.

ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து, நிலத்தில் ஒரு பகுதியையாவது வேரோடு திருத்தி, ஊரிலுள்ள விதவைகளும் ஏழைகளும் வளர்க்கும் ஆடுகளுக்கு விடவேண்டும் என்று கேட்டேன். "ஹஜ்ரத், குத்தகை குறைந்தால் உங்கள் சம்பளமும் குறையுமே" என்றார் ஒருவர். குறையட்டும் என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் இரண்டு பெண்மக்கள் இருக்கிறார்கள். முடிவில் இரண்டு ஏக்கருக்கு மட்டும் சம்மதித்தார்கள்.

2025 கோடையில் பொக்லைன் வைத்து வேரோடு பெயர்த்தோம். ஐப்பசி மழைக்கு முதலில் வந்தது புல்லன்று. நெருஞ்சியும், ஆயிரக்கணக்கில் கருவேலங் கன்றுகளும்! ஏளனம் செய்தோரும் உண்டு. வியாழக்கிழமை தோறும் பாடம் முடிந்தபின் பிள்ளைகளை அழைத்துச் சென்று கன்றுகளைப் பிடுங்கினோம். அடுத்த மழைக்குக் கோரையும் அறுகும் தலைகாட்டின. கார்த்திகை மாதம் ஒரு மாலை, மேற்கு மூலையில், பஞ்சு போன்ற கதிருடன் ஏழு தூர்கள் நிற்கக் கண்டேன். கொழுக்கட்டைப்புல். யார் விதைத்தது? அருகிலெங்கோ ஒதுங்கிப் பிழைத்திருந்த தூரிலிருந்து காற்று கொண்டுவந்ததோ, ஆட்டின் காலோடு வந்ததோ, நானறியேன், அல்லாஹ்வே அறிந்தவன்.

பிள்ளைகளை அதைச் சுற்றி அமரவைத்து அந்தப் பழைய பாடத்தை அங்கேயே நடத்தினேன். ஒரு சிறுவன் தூரின் அடியை விலக்கிப் பார்த்து, "ஹஜ்ரத், கோடையில் இது செத்துப்போய்விடுமா?" என்று கேட்டான்.

"உறங்கும்" என்றேன். "நாம் காவல் இருக்க வேண்டும்."

மீதிப் பத்து ஏக்கரின் குத்தகை முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதைப் பற்றி ஜமாஅத்தார் அப்போது மீண்டும் கூடுவார்கள். நானும் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.